மியாட்டாவுக்கு எந்த ஷாக்?

கேள்வி: என்னிடம் 1995 மஸ்டா மியாட்டா இருக்கிறது. 1.8 லிட்டர், ஸ்பிரிங் எல்லாம் கம்பெனியில் வந்தவை. கொஞ்ச நாளாக, மேடுபள்ளமான வளைவில் பின்பக்கம் துள்ளி விலகுகிறது. பள்ளத்தில் இறங்கினால் ‘டங்’ என்று அடிக்கிறது. கிடைப்பதிலேயே கடினமான ஷாக் அப்சார்பரைப் போட்டு, லோயரிங் ஸ்பிரிங்கும் மாட்டச் சொல்கிறார்கள் நண்பர்கள். ரேஸ் டிராக்குக்கு நான் போவதில்லை. என்ன வாங்கலாம்?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: தம்பி, கடினமான ஷாக் என்ற பேச்சை முதலில் விடுங்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அழுந்திய ஸ்பிரிங் எழும்பி ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உங்கள் ஸ்பிரிங் மென்மையானது. அதற்கு மிஞ்சிய ஷாக்கைப் போட்டால், மேலே ஏறிய சக்கரம் கீழே இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி படிப்படியாகத் தாழ்ந்து அமரும், டயர் ரோட்டைப் பிடிக்காது.

எனக்குக் கவலை அந்த ‘டங்’ சத்தம்தான். முதல் தலைமுறை மியாட்டாவில் சக்கரம் மேலே ஏற இருக்கும் இடம் ரொம்பக் குறைவு. அதனால் ஷாக் தண்டில் செருகியிருக்கும் பம்ப் ஸ்டாப்பை அது அடிக்கடி தொடும். அந்த ஃபோம் துண்டு இன்னொரு ஸ்பிரிங் மாதிரியே வேலை செய்கிறது. 30 வருடத்தில் அது உதிர்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். அது இல்லாமல் மாட்டினால் எவ்வளவு விலையுள்ள ஷாக்கும் அடிபட்டு வீணாகும். நான்கையும் புதிதாக வாங்குங்கள். லோயரிங் ஸ்பிரிங் போட்டால் இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். குளிர்காலம் முடிந்து குழி விழுந்த உங்கள் ஊர் ரோட்டில் அது வேண்டவே வேண்டாம்.

ஷாக்கில் என் தேர்வு கோனி மஞ்சள். அதைத் திருகினால், ஷாக் நீளும்போது காட்டும் எதிர்ப்பு மட்டும் மாறும். அழுந்தும்போது காட்டுவது மாறாது. மிக மென்மையான நிலையில் தொடங்கி, வண்டி ஆடினால் மட்டும் கால் சுற்று கூட்டுங்கள். பில்ஸ்டைனும் நல்ல ஷாக். மஸ்டாவே அன்று ஆர் பேக்கேஜ் வண்டிகளில் அதைத்தான் போட்டது. ஆனால் பி8 என்பது தாழ்த்திய வண்டிக்கான குட்டை ஷாக். உங்களுக்கு பி6தான் சரி. பணம் இடித்தால் கேஒய்பியின் சாதாரண கேஸ் ஷாக் போதும், வண்டி புதிதாய் வந்த நாளின் நடை திரும்பிவிடும்.

வேலையில் இரண்டு இடம் கவனம். ரோட்டு உப்பில் ஷாக்கின் கீழ் போல்ட் துருவேறிப் புஷ்ஷோடு ஒட்டியிருக்கும். முதல் நாள் இரவே துருவிளக்கி எண்ணெய் அடித்து வையுங்கள், புது போல்ட்டும் கைவசம் இருக்கட்டும். மாட்டும்போது, சக்கரம் தொங்கும் நிலையில் ரப்பர் புஷ் போல்ட்டுகளை இறுக்கிவிடாதீர்கள். வண்டி இறங்கியதும் புஷ் முறுக்கேறி நின்று சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. அப்படியே வீல் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.