மாசியிலிருந்து கோடை மழை வரை: மலைக்குப் போகிறவர்களுக்கும் மலையடிவாரத்தாருக்கும்

மழைக்காலத்தில் ஆள் உயரம் வளர்ந்த புல் இப்போது வைக்கோலாக நிற்கிறது. தேக்கும் மூங்கிலும் இலையுதிர்த்துவிட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிப்ரவரி நடுவில் தொடங்கும் தீக்காலம், கோடை மழை நின்று பெய்யும்வரை ஓயாது. இந்த மாதங்களில் வனத்துறை மலையேற்றப் பாதையை மூடினால், ஊர்க்காரரைப் பிடித்து வேறு தடத்தில் ஏறப் பார்க்காதீர்கள்.

2018 மார்ச் 11-ஐ மறக்க முடியவில்லை. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவைப் பிற்பகலில் புல்வெளித் தீ வளைத்தது. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். தீ மலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஏறுகிறவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

தீ மேல்நோக்கி ஓடும். சமவெளியில் சுடர் நிமிர்ந்து நிற்கும். சரிவில் அது மேலே உள்ள புல்லின்மீது சாய்ந்து, தொடுவதற்கு முன்பே அதைக் காயவைத்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இருபது டிகிரி கூடினால் நான்கு மடங்கு. மனிதரோ சரிவில் ஏற ஏறத் தளர்கிறார். இந்தப் பந்தயத்தில் நாம் வெல்லவே முடியாது. பகலில் வெயில் ஏறியதும் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசி, தீயைத் தள்ளிக்கொண்டு வரும். இரவில் காற்று கீழ்நோக்கித் திரும்பும், ஈரப்பதம் கூடும், தீ தணியும். பிற்பகலில் அடங்காத தீ விடியற்காலையில் பச்சைத் தழை அடிக்கே அடங்குவது இதனால்தான்.

ஆகவே கீழே புகை தெரிந்தால் மேலே ஓடாதீர்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, பக்கவாட்டில் விலகுங்கள். பாறைத் திட்டு, வெறும் மண், ஏற்கெனவே எரிந்து கரியான தரை ஆகியவைதான் அடைக்கலம். எரிந்து முடிந்த இடத்தில் எரிய ஒன்றும் மிச்சமில்லை. குறுகிய செங்குத்து ஓடைக்குள் இறங்கிவிடாதீர்கள். அது புகைபோக்கிபோல் தீயை மேலே இழுக்கும். தோள்பையைக் கழற்றி எறியுங்கள். நைலான், பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும்; மலைக்குப் பருத்தி உடையோடு மட்டும் போங்கள். தப்ப வழியே இல்லையென்றால் வெறுந்தரையில் குப்புறப் படுத்து, முகத்தை மூடிக்கொள்ளுங்கள். தரையோரத்தில்தான் சுவாசிக்கக் கொஞ்சம் காற்று இருக்கும்.

மூங்கில் உரசித் தீப்பிடிக்கும் என்று இன்னும் சொல்கிறோம்; அதற்கு ஆதாரமில்லை. மின்னலைக் குறை சொல்லவும் இடமில்லை. நம் மலைகளில் அது பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருகிறது. காட்டுத் தீ அநேகமாக மனிதர் கையிலிருந்தே தொடங்குகிறது: அணைக்காத பீடி, தேனெடுக்க மூட்டிய புகை, புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மாடு மேய்ப்பவர் வைத்த தீ, வரப்பைச் சுத்தம் செய்ய எரித்த சருகு. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டு வனச்சட்டத்தின்படி குற்றம்.

மலையடிவார விவசாயிகளே, வயல் கழிவை இந்த மாதங்களில் எரிக்க வேண்டாம், மக்கவிடுங்கள். வீட்டையும் மாட்டுத் தொழுவத்தையும் சுற்றி முப்பது அடிக்குச் சருகும் காய்ந்த புல்லும் இல்லாமல் செதுக்கி வையுங்கள். கூரைமேல் விழும் சருகைத் தள்ளுங்கள். காற்றில் பறந்து வரும் தீப்பொறிக்கு அது போதும். வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் போகும் பக்தர்கள் வழியில் சூடம் ஏற்ற வேண்டாம். வனத்துறை வெட்டிவைத்த தீத்தடுப்புக் கோட்டில் விறகையும் குப்பையையும் போடாதீர்கள். அதில் சருகு சேர்ந்தால், தீ கடந்து போக நாமே பாலம் போட்டுத் தந்ததாகிவிடும். வரும் தீயைத் தடுக்க அதன் முன்னே எதிர்த்தீ வைக்கும் வேலையைப் பழகிய வனக்காவலர்களிடம் விட்டுவிடுங்கள். காற்று திரும்பினால் அது வைத்தவரையே சுற்றிக்கொள்ளும்.

புகையைக் கண்டால் 101 அல்லது 112-க்கு உடனே சொல்லுங்கள். அருகிலுள்ள வனச் சோதனைச்சாவடிக்கும் ஆள் அனுப்புங்கள். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.