பெயர் பிள்ளையின் உரிமை

 

கல்வி உதவி கேட்டு ஆண்டுதோறும் நமது டிரஸ்டுக்கு வரும் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்கும்போது, சில பெயர்களில் நம் கண் நின்றுவிடுகிறது. எந்த மொழிப் பெயர் என்றே சொல்ல முடியாது. அர்த்தம் கேட்டால், "செல்போனில் பார்த்து வைத்தோம், ஊரில் யாருக்கும் இல்லாத பெயராக இருக்கட்டும் என்று நினைத்தோம்" என்கிறார்கள் பெற்றோர். இன்னொரு பக்கம், நன்னாவின் பெயர் பிச்சை ராவுத்தர் என்று முழுதாக எழுதக் கூச்சப்பட்டு, ஒற்றை இனிஷியலோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெயர் வைப்பதில் மார்க்கம் காட்டும் வழி என்ன, நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இந்த மாதப் பாடமாகப் பார்ப்போம்.

நபி (ஸல்) அவர்கள் மாற்றிய பெயர்கள்

உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு ஆஸியா என்று பெயர் இருந்தது. 'மாறு செய்பவள்' என்பது அதன் பொருள். நபி (ஸல்) அவர்கள் அதை மாற்றி ஜமீலா என்று வைத்தார்கள். அழகானவள் என்று பொருள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி.

கெட்ட பொருள் உள்ள பெயர்களை மட்டும்தான் மாற்றினார்களா என்றால், இல்லை. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் முதல் பெயர் பர்ரா. நற்குணம் நிறைந்தவள் என்று பொருள். கேட்க நல்ல பெயர்தான். ஆனாலும் தன்னைத் தானே பரிசுத்தமானவள் என்று சொல்லிக்கொள்வது போல இருக்கிறது என்பதால் அது ஸைனப் என்று மாற்றப்பட்டது. அரசர்களுக்கெல்லாம் அரசன் என்று ஒரு மனிதன் பெயர் வைத்துக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாக வெறுத்தார்கள். பெயரில் பெருமையடிப்பதும் குறைதான் என்று இதிலிருந்து விளங்குகிறது.

மூன்றாவது சம்பவம் ஸஹீஹ் புகாரியில் வருகிறது. பெரிய தாபிஈயான ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களின் பாட்டனாருக்கு ஹஸ்ன் என்று பெயர். கரடுமுரடான நிலம் என்று பொருள். நபி (ஸல்) அவர்கள் அவரை ஸஹ்ல், அதாவது சமமான நிலம், என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் தகப்பனார் வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அதன் பிறகும் அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது என்று பேரர் ஸயீத் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். மறுத்தவரை நபி (ஸல்) அவர்கள் வற்புறுத்தவில்லை. ஒருவர் பெயரை அவருடைய சம்மதம் இல்லாமல் மாற்ற நமக்கு உரிமை கிடையாது.

தமிழில் ஒன்று, அரபியில் இரண்டு

மேலே சொன்ன ஆஸியாவைப் படித்துவிட்டு, வீட்டில் ஆஸியா என்று மகளை வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். ஃபிர்அவ்னின் மனைவியாக இருந்தும் ஈமானை விடாத அன்னை ஆஸியாவின் பெயர் அலிஃப், ஸீன் எழுத்துகளால் எழுதப்படுவது. மாறு செய்பவள் என்ற பொருள் தரும் சொல் ஐன், ஸாத் எழுத்துகளால் எழுதப்படுவது. அரபியில் இரண்டும் வெவ்வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இதுபோல இன்னும் உண்டு. ஐன் போட்டு எழுதும் அலீம் 'நன்கறிந்தவன்'. ஹம்ஸா போட்டு எழுதினால் 'வேதனை தருவது'. குர்ஆனில் நரக தண்டனையைக் குறிக்க வரும் சொல் அது. கலீல் என்பதை 'ஃக' என்று தொண்டையிலிருந்து வரும் 'ஃகா' எழுத்தால் எழுதினால் உற்ற தோழர். இப்ராஹீம் (அலை) அவர்களின் சிறப்புப் பெயர் அது. அதையே காஃப் எழுத்தால் எழுதினால் 'கொஞ்சம்' என்று அர்த்தம். எனவே பெயரை முடிவு செய்யும் முன், அதை அரபியில் எழுதித் தரும்படி பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

"குர்ஆனில் இருக்கிற வார்த்தைதானே" என்பதும் போதுமான பதில் ஆகாது. ஃபிர்அவ்னும் அபூலஹபும் கூட குர்ஆனில் வருகிறார்கள்.

அதற்காக அகராதியை மட்டும் பார்த்துப் பெயர்களை ஒதுக்கவும் கூடாது. ஃபாத்திமா என்ற சொல்லுக்குப் பால்குடி மறக்கச் செய்பவள் என்பதே நேரடிப் பொருள். உஹதுப் போரில் ஷஹீதாகி மலக்குகளால் குளிப்பாட்டப்பட்ட ஸஹாபியின் பெயர் ஹன்ளலா. அது கசப்பான ஒரு காட்டுக் கும்மட்டிக் காயின் பெயர். இவையெல்லாம் இன்று நமக்கு உயர்ந்த பெயர்களாக இருப்பதற்குக் காரணம், அவற்றைத் தாங்கியவர்கள் வாழ்ந்த வாழ்க்கை.

பாதியாக அழைப்பது

அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமான பெயர்கள் அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்பதை நம் வீடுகளில் எல்லோரும் அறிவோம். விருப்பத்தோடு வைக்கிறோம். பிறகு கூப்பிடும்போது அப்துர் ரஹ்மானை 'ரஹ்மான்' என்கிறோம், அப்துர் ரஜ்ஜாக்கை 'ரஜாக்' என்கிறோம். அர்ரஹ்மான் என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய பெயர். 'அப்துல்' என்று மட்டும் அழைத்தால், 'இன்னாருடைய அடிமை' என்பதில் 'இன்னார்' விடுபட்டுப் போகிறது. நீளமாக இருக்கிறது என்று தோன்றினால், செல்லமாக அழைக்க வேறொரு நல்ல பெயரைப் பழக்கிக்கொள்ளலாம்.

'வேண்டாம்' என்று ஒரு பெயர்

திருவள்ளூர் மாவட்டத்தின் சில கிராமங்களில் பெண் பிள்ளைகளுக்கு 'வேண்டாம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். மகாராஷ்டிரத்தில் இதே அர்த்தத்தில் 'நகுஷி' என்ற பெயர் இருந்தது. 2011 அக்டோபரில் அங்குள்ள சாத்தாரா மாவட்ட நிர்வாகம் ஒரு விழா நடத்தி, அப்படிப் பெயர் தாங்கிய 285 பெண் பிள்ளைகளுக்குப் புதிய பெயர்களைப் பதிந்து கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவு எடுக்கும்போது 'வேண்டாதவள்' என்று அழைக்கப்பட்டு, 'உள்ளேன்' என்று எழுந்து நின்ற பிள்ளைகள் அவர்கள்.

நம் சமுதாயத்தில் இப்படிப் பெயர் இல்லை என்று நிம்மதி அடையலாமா? பெண் குழந்தை பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப் போகிறவர்களைப் பற்றி சூரா நஹ்ல் கண்டித்துப் பேசுகிறது. மூத்த மகனுக்கு அகீகா கொடுத்து, ஊரைக் கூட்டிப் பெயர் சொன்ன வீட்டில், மூன்றாவது மகளுக்குப் பெயர் தேடக்கூட ஆள் இல்லாமல், கடைசி நேரத்தில் நர்ஸ் சொன்ன பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. "மூணாவதும் பொண்ணா?" என்று அவள் காது படவே கேட்கிறோம். பதிவேட்டில் நல்ல பெயர் இருந்தாலும், வேண்டாம் என்ற பெயரை நாம் வாயால் வைத்துவிடுகிறோம். மகளுக்கும் அகீகா உண்டு, மகளுக்கும் யோசித்து வைத்த பெயர் உரிமை.

பிச்சை நன்னாவும் பேரப் பிள்ளைகளும்

நம் பெரியவர்களில் பிச்சை, பக்கீர் போன்ற பெயர்கள் ஏன் இருந்தன என்று இளைய தலைமுறைக்குத் தெரியாது. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், பிழைத்த பிள்ளையை அல்லாஹ் போட்ட பிச்சை என்று எண்ணி அப்படி அழைத்தாள். அந்தப் பெயருக்குள் ஒரு தாயின் அழுகை இருக்கிறது. ஃபகீர் என்றால் ஏழை, தேவையுடையவன். அல்லாஹ்வின் முன்னால் நாம் எல்லோரும் ஃபகீர்கள்தாமே. நம் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த மேதையின் முழுப் பெயர் அவுல் பக்கீர் ஜெய்னுலாபுதீன் அப்துல் கலாம். பக்கீர் என்பதை அவர் மறைக்கவில்லை.

இன்று புதிதாக அந்தப் பெயர்களை வைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வைத்திருப்பவர்களைக் கேலி செய்யக் கூடாது என்கிறோம். ஒருவரையொருவர் இழிவான பட்டப் பெயரால் அழைப்பதை சூரா ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் தடுக்கிறது. பெயர் வைத்தது பெற்றோர், பிள்ளைக்கு அதில் பங்கில்லை. ஆனால் கேலி செய்பவர் தன் நாவால் செய்கிறார், அதற்கு அவரே பொறுப்பு.

அலீ (ரலி) அவர்கள் ஒருமுறை பள்ளிவாசலில் மண் ஒட்டிய முதுகோடு படுத்திருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்த மண்ணைத் துடைத்துவிட்டு 'அபூ துராப்', மண்ணின் தந்தையே, என்று அழைத்தார்கள். அலீ (ரலி) அவர்களுக்கு அந்தப் பெயரைவிடப் பிரியமான பெயர் வேறு இருக்கவில்லை. பிற்காலத்தில் அவரைப் பிடிக்காதவர்கள் அதே பெயரை ஏளனமாகச் சொன்னார்கள். சொல் ஒன்றுதான், சொல்லும் மனம் வேறு.

செய்ய வேண்டியவை

பெயரைப் பிறந்த அன்றே வைக்கலாம், ஏழாம் நாளும் வைக்கலாம். நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீமுக்குப் பிறந்த இரவிலேயே பெயர் வைத்தார்கள்.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது.

முகமது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் வேறொன்று என்றால், வளைகுடா வேலைக்கும் ஹஜ்ஜுக்கும் போகும்போது அலைய வேண்டியிருக்கும். முதல் நாளே ஒரே எழுத்தமைப்பை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அதிர்ஷ்டம் வரும் என்று எண் கணிதக்காரர் சொல்லி, பெயரில் கூடுதல் எழுத்தைச் சேர்ப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். நல்ல பெயரைக் கேட்டு மகிழ்வது சுன்னத். எழுத்துகளைக் கூட்டினால் விதி மாறும் என்று நம்புவது நம் ஈமானுக்குப் பொருந்தாது.

தவறான பொருளுள்ள பெயரைச் சுமப்பவர், வளர்ந்த பிறகு மாற்ற விரும்பினால் அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ளலாம். வீட்டார் அதைத் தகப்பனுக்கு அவமானமாகக் கருத வேண்டாம்.

பிள்ளைகளுக்கு அழகிய பெயர்களை வைக்கவும், அந்தப் பெயர்களுக்கு ஏற்ப அவர்களை வளர்க்கவும், யாருடைய பெயரையும் நம் நாவால் காயப்படுத்தாமல் இருக்கவும் அல்லாஹ் நமக்கு தௌஃபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.