பழைய வாகனமும் வருடாந்தப் பரிசோதனையும்

வீடு ஓரளவு நிமிர்ந்து, கிணறு இறைத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மீள்குடியேறிய குடும்பங்களில் பல அடுத்ததாக யோசிப்பது ஒரு வாகனத்தைப் பற்றித்தான். படுவான்கரையில் இருப்பவருக்குப் பெரியாஸ்பத்திரியும் கச்சேரியும் பெரிய சந்தையும் வாவிக்கு அந்தப் பக்கம். நெல்லை மில்லுக்கு ஏற்ற வேண்டும், மீனைப் பழுதாகாமல் சேர்க்க வேண்டும், இரவில் காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கொண்டு ஓட வேண்டும். புது வாகனம் கட்டுப்படியாகாது. ஆகவே இருபது, முப்பது வருடம் ஓடிய கார், டொல்பின் வான், ஓட்டோ என்று தேடுகிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில் தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களுக்கும் கேட்ட விலை கொடுக்க வேண்டியிருந்தது.

விற்பவர் சொல்லும் முதல் வார்த்தை, "லைசன்ஸ் இருக்கு, புகை பாஸ்" என்பதாக இருக்கும். அந்த வார்த்தைக்கு எவ்வளவு பெறுமதி என்பதுதான் இந்தப் பாடம்.

புகைப் பரிசோதனை எதைப் பார்க்கிறது?

ஒவ்வொரு வருடமும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். நாம் "லைசன்ஸ்" என்று சொல்லி முன் கண்ணாடியில் ஒட்டுவது அதைத்தான். கிழக்கு மாகாண சபையின் பெயரில் பிரதேச செயலகத்தில் அதைப் பெறலாம். போகும்போது பழைய அனுமதிப்பத்திரம், செல்லுபடியான காப்புறுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தின் பிரதியும் கையில் இருந்தால் நல்லது. பஸ், லொறி போன்ற வர்த்தக வாகனங்களுக்கு இவற்றோடு தகுதிச் சான்றிதழும் வேண்டும். நீங்கள் வாடகைக்கு ஓட்டப் போவதானால் உங்கள் வாகன வகைக்கு எது தேவை என்பதை வாங்குவதற்கு முன்பே பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பதில் எதுவானாலும் செலவு உங்களுடையது.

புகைப் பரிசோதனை இலங்கையில் 2008இல் தொடங்கியது. பெற்றோல் வாகனத்தில் சைலன்சர் குழாய்க்குள் ஒரு கருவியைச் செருகி, எரியாமல் வெளியேறும் எரிபொருளின் அளவையும் காபனோரொட்சைட்டு வாயுவின் அளவையும் எடுக்கிறார்கள். டீசல் வாகனத்தில் அக்சிலரேற்றரைச் சில தடவை முழுதாக மிதித்து, வரும் புகை வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். பரிசோதனை அவ்வளவுதான்.

ஆகவே தனியார் கார் ஒன்றைப் பொறுத்தவரை பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் ஆடுகிறதா, அடித்தட்டு துருவேறி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று அந்த நிலையத்தில் யாரும் பார்ப்பதில்லை. லண்டனில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே மூன்று வருடம் தாண்டிய கார் ஒவ்வொன்றும் வருடாந்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பிரேக், விளக்கு, ரயர், சீற் பெல்ட், துரு எல்லாம் பார்ப்பார்கள். அந்த நடைமுறை 1960இல், பத்து வருடம் பழசான வாகனங்களுக்கென்று தொடங்கியது. நம் ஊரில் அந்த வேலை வாகனச் சொந்தக்காரரின் தலையில் விடப்பட்டிருக்கிறது. இது நல்ல ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இருக்கும் ஏற்பாடு இதுதான்.

பரிசோதனைக்குப் போகுமுன்

பழைய என்ஜின் புகையில் தவறுவதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணங்களே இருக்கும். எயார் பில்டர் தூசியால் அடைபட்டால் காற்றுக் குறைந்து எரிபொருள் கூடுதலாகப் போகும், புகை கறுக்கும். செம்மண் கிரவல் றோட்டில் ஓடும் வாகனத்தின் பில்டரை நகரத்து வாகனத்தைப் போல வருடம் ஒருமுறை பார்த்தால் போதாது. பிளக், காபரேட்டர், டீசலானால் இன்ஜெக்டர் நொசில் ஆகியவற்றைப் பழக்கமான மெக்கானிக்கிடம் காட்டுங்கள். என்ஜின் ஓயிலை மாற்றுங்கள். சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தால் முதலில் அதை அடையுங்கள். வெளிக்காற்று கலந்தால் கருவி சரியான அளவைக் காட்டாது.

போகும் நாளில் என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கட்டும். ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடத்தில் கருவி பூட்டினால் நல்ல வாகனமும் தவறக்கூடும். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலத்தால் நகரத்துக்கு வருபவருக்கு இந்தக் கவலை இல்லை, வருகிற வழியிலேயே சூடேறிவிடும். டீசல் வாகனத்தின் ரைமிங் பெல்ட் பழசாக இருந்தால் அதை மாற்றிய பிறகு போங்கள். முழு வேகத்தில் மிதிக்கும்போது பெல்ட் அறுந்தால் என்ஜினே போய்விடும்.

புகையின் நிறத்தை வைத்து நீங்களே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். கறுப்புப் புகை என்றால் எரிபொருள் கூட, காற்றுக் குறைவு. நீலப் புகை என்றால் என்ஜின் ஓயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும், இதற்குக் காசு செலவாகும். சூடேறிய பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று பொருள். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற மிகப் பழைய கார்களில் இன்னொரு விடயம் உண்டு. அவை ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நின்றுவிட்டது. வால்வு இருக்கையைக் கடினமானதாக மாற்றாத என்ஜினில் அது மெல்லத் தேய்ந்துகொண்டே போகும்.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் மிச்சப்படும் காசு பிறகு பம்பைத் திருத்தவே போதாது.

யாரும் பார்க்காதவற்றை நீங்கள் பாருங்கள்

பிரேக்கில் தொடங்குங்கள். என்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் மிதித்தபடி இருங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. பிரேக் ஓயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. நிறம் கறுத்திருந்தால் மாற்றுங்கள். அடுத்தது ஹான்ட் பிரேக். மட்டக்களப்பில் மேட்டுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சமதரையிலேயே, முன்னால் ஆளில்லாத இடத்தில் ஹான்ட் பிரேக்கை இழுத்துவிட்டு முதலாம் கியரில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். வாகனம் திணறி நிற்க வேண்டும், நகரக்கூடாது. குருமண்வெளியிலோ அம்பிளாந்துறையிலோ பாதையில் வாகனத்தை ஏற்றி வாவியைக் கடப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. பாதையின் மேல் வாகனத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு கம்பிதான். சில்லுக்குக் கட்டையும் வையுங்கள்.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1216 என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது. பூ நிறைய இருந்தாலும் பத்து வருடம் பழசான ரயரை நம்பாதீர்கள், வெயிலில் றப்பர் வெடித்துவிடும்.

பிறகு துரு. வாவிக் காற்றிலும் கடற்காற்றிலும் உப்பு இருக்கிறது. மீன்பெட்டியிலிருந்து வடியும் தண்ணீரிலும் உப்பு. மேலே புதுப் பெயின்ற் அடித்த வாகனத்தின் அடியில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, சட்டத்தையும் பிரேக் குழாயையும் திருப்பிணியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த வாகனத்தை விட்டுவிட்டு வாருங்கள். தரைத்தகட்டில் ஓட்டையும் சைலன்சரில் கசிவும் சேர்ந்திருந்தால் இன்னும் ஆபத்து. காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. கண்ணாடி பூட்டிய வானின் பின்சீற்றில் தூங்கும் பிள்ளைகளுக்கு அது தூக்கம்தானா என்று முன்னால் இருப்பவருக்குத் தெரியாது.

இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன வாகனத்தைத் திரும்ப ஓட்ட நினைப்பவர்கள் உடனே ஸ்டார்ட் பண்ண வேண்டாம். நின்ற வாகனத்தில் தாங்கியின் அடியில் துரு படிந்திருக்கும், வயரை எலி கடித்திருக்கும், பிரேக் சிலிண்டர் இறுகியிருக்கும். 2011 ஜனவரி வெள்ளம் போல ஒன்றில் மூழ்கி எழுந்ததென்றால் கியர் ஓயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போலிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சில்லு பெயாரிங்கையும் கழற்றித் துப்பரவாக்கிப் புதுக் கிறீஸ் வைக்க வேண்டும்.

ஆவணங்கள்

பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் வாகனத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயர் நீங்கும் வரை முழுக்காசைக் கொடுக்க வேண்டாம்.

"ஓபன் பேப்பர்" என்று கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாறும் வாகனங்கள் நம் பகுதியில் ஏராளம். விபத்து நடந்தால் பொலிஸ் தேடிப் போவது புத்தகத்தில் பெயருள்ளவரைத்தான். அவர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்திருக்கலாம். அப்போது நீங்கள் வாங்கியதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. விற்பவரும் வாங்குபவரும் கையொப்பமிட்ட மாற்றல் படிவங்களை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுத்து, வாங்கிய கையோடு பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். விற்றவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதியையும் வைத்திருங்கள்.

புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியோடு திணைக்களத்தில் இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். வருடக்கணக்கில் லைசன்ஸ் எடுக்காமல் நின்ற வாகனத்துக்கு நிலுவை கேட்பார்கள். ஓட்டாமல் நிறுத்தி வைப்பதை முன்கூட்டியே பிரதேச செயலகத்துக்கு அறிவிக்கும் வழி உண்டு, ஆனால் ஓடி ஒளிந்த காலத்தில் யார் போய் அறிவித்திருப்பார்? இடம்பெயர்ந்திருந்ததற்கான பதிவையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பேசுங்கள். தரகரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம். எங்கள் கள அலுவலகத்துக்கு வந்தால் கடிதம் எழுதவும் படிவம் நிரப்பவும் உதவுவோம். வரும்போது செசி இலக்கத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.