மரக்கறித் தோட்டக்காரரும் சிறிய மின் சுமைவண்டியும்

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் விளையும் வெங்காயம், கத்தரி, பீற்றூட், கோவா முதலியன காலை வேளையிலேயே சந்தையை அடைதல் வேண்டும். பிந்திச் செல்லும் மூடைக்கு வாங்குவோர் சொல்வதே விலை. 2022 ஆம் ஆண்டில் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற கமக்காரர், பறிக்கவேண்டிய காய் செடியிலேயே முற்றிப்போகக் கண்டனர். மின்சாரத்தால் ஓடும் சிறிய சுமைவண்டி தமக்கு உதவுமா என்று இன்று தோட்டக்காரர் வினவுவது இயல்பே. ஆயினும் நகையை அடைவு வைத்தோ கடன்பட்டோ வாங்கும் பொருளாதலின், ஆய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

இவ்வண்டியின் கவர்ச்சி அதன் எளிமையிலேயே உளது. எஞ்சின், கிளச்சு, புகைக்குழாய், எஞ்சின் எண்ணெய் என்பன இதில் இல்லை. மோட்டாரும் மின்கலத் தொகுதியுமே முக்கிய உறுப்புக்கள். அடிக்கடி நின்று செல்லும் சந்தைப் பயணத்தில் நிற்கும் நேரத்துக்கு எரிபொருட் செலவில்லை. பிரேக் பிடிக்கையில் சிறிதளவு மின் மீளவும் சேரும்.

வண்டிகளுள் மிகச் சிறியது யப்பானிய வகை. 2013 இல் அந்நாட்டில் வெளிவந்த மிட்சுபிசி மினிக்காப் மீவ் சுமைவண்டி 10.5 அலகு மின்னைக் கொள்வது. 350 கிலோ, அதாவது 50 கிலோ மூடை ஏழு ஏற்றலாம். சோதனையில் 110 கிலோமீற்றர் ஓடியதாயினும் பாரத்துடன் வீதியில் அவ்வளவு ஓடாது. இந்தியாவில் 2022 இல் வெளிவந்த டாட்டா ஏஸ் மின்வண்டி, நம்மவர் ‘பட்டா’ என அழைக்கும் வண்டியின் இனமே. அது 21.3 அலகு கொள்வது. 600 கிலோ ஏற்றுவது. சோதனையில் 154 கிலோமீற்றர் ஓடியது. 2025 இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட சிலேற் என்னும் வண்டிக்கு வானொலியுமில்லை. கண்ணாடியைக் கையாலேயே சுற்றி இறக்கவேண்டும். எளிமையை விரும்புவோர்க்கு அது நல்ல செய்தி. ஆயின் இடப்பக்கச் சுக்கானுள்ள அவ்வண்டி இங்குள்ள தோட்டக்காரனுக்குப் பயன்படாது. பத்துப் பரப்பளவில் மரக்கறி செய்பவருக்கு யப்பானிய வகையின் கொள்ளளவே பெரும்பாலும் போதியது. வெங்காய அறுவடையின்போது இரண்டாம் முறை ஓடினாலாயிற்று.

இனிச் செலவைப் பார்ப்போம். வலிகாமத்துத் தோட்டத்திலிருந்து சுன்னாகம் அல்லது மருதனார்மடம் சந்தைக்குப் போய்வர 40 கிலோமீற்றருக்கு மேற்படுவது அரிது. பாரத்துடன் ஓரலகுக்கு 5 கிலோமீற்றர் எனக் கொண்டால் 8 அலகு. மின்னேற்றுகையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து 9 அலகு. மாதத்தில் 25 நாள் ஓடின் 225 அலகு. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் டீசல் வண்டிக்கு அதே ஓட்டத்துக்கு ஏறத்தாழ 67 லீற்றர் வேண்டும். இரண்டையும் அன்றைய விலையாற் பெருக்கி ஒப்பிடுக. ஆனால் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. இந்த 225 அலகும் வீட்டுப் பாவனைக்கு மேலாகச் சேர்வதால் உயர்ந்த படியின் விலையிலேயே கணிக்கற்பாலது. சராசரி விலையைக் கொண்டு கணித்தவர் முதல் மாதச் சிட்டையைக் கண்டு திகைப்பர்.

கூரையிற் சூரியத் தகடு உள்ளவர்க்கு இக்கணக்கு மாறும். மரக்கறி வண்டி காலையிற் சந்தை சென்று முற்பகலில் வீடு திரும்புவது. வெயில் ஏறும் நேரமும் அதுவே. ஒரு கிலோவாற்றுத் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 அலகு தருமாதலால் 3 கிலோவாற்று போதும். ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது: 2022 இல் டீசல் மட்டுமன்று, மின்சாரமும் நாளொன்றுக்குப் பல மணிநேரம் தடைப்பட்டது. மின்வழியோடு மட்டும் இணைத்த சாதாரண தகட்டுத் தொகுதி மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். தடையின்றி இயங்கச் சேமிப்புக் கலமும் அதற்கேற்ற இன்வேட்டரும் வேண்டும்.

மின்னேற்றுவதற்குப் பிரதான பலகையிலிருந்து தனி வயர் இழுத்து, நிலத்தொடுப்பும் ட்ரிப் சுவிச்சும் பொருத்துதல் இன்றியமையாதது. கிணற்று மோட்டாரின் பழைய வயரிற் கிளை எடுத்தல் ஆபத்தானது. 10 அம்பியரில் 9 அலகு ஏற நான்கு மணிநேரமாகும்.

தம்புள்ளைக்குச் சுமை அனுப்புவோர்க்கு இவ்வண்டி உதவாது. யாழ்ப்பாணத்திலிருந்து அது ஏறத்தாழ 250 கிலோமீற்றர். அதற்கு லொறியே தகும். மலைநாட்டிலும் கவனம் வேண்டும். ஒன்றரைத் தொன் நிறையை 1000 மீற்றர் உயரம் ஏற்ற மட்டும் 4 அலகு செலவாகும். வாரம் இருமுறை மட்டும் சந்தை செல்பவர் வாடகை வண்டி பிடிப்பதே சிக்கனம். அல்லது அயற்றோட்டக்காரர் இருவர் மூவர் கூடி ஒன்று வாங்கலாம்.

பழைய வண்டியாயின் மின்கலமே அதன் விலை. 2015 ஆம் ஆண்டையொட்டி இங்கு பெருமளவில் வந்த நிசான் லீவ் கார்களின் கலங்கள் வெப்பத்தால் விரைவில் திறன் குறைந்ததைப் பலர் அறிவர். வண்டி ஓடிய தூரத்தைப் பார்த்து ஏமாறாது, கலத்தில் எஞ்சியுள்ள கொள்ளளவைக் கருவி கொண்டு அளந்து எழுத்திற் பெறுதல் வேண்டும். பின் முழு மின்னேற்றிய வண்டியில் தன் சொந்த மூடைகளை ஏற்றி, வழமையான சந்தை வழியே போய்வந்து, எஞ்சிய மின்னைக் குறித்துக்கொள்க. இதற்கு விற்பவர் இணங்காராயின் அவ்வண்டியை வாங்காது விடுதல் நன்று.