உறையூர்த் தறி சொல்லும் உபாயங்கள்

மலரைப் புரட்டினால் வீட்டுக் குறிப்பு என்று நாலு வரி இருக்கும். எலுமிச்சைத் தோலும் சோடா உப்பும்தான் அதில் வரும். நான் எழுதப்போவதும் வீட்டுக் குறிப்புகள்தாம். ஆனால் நான் பார்த்துக் கேட்ட வீடுகளில் கூடத்திலேயே குழித்தறி இருக்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளுஸ்', 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய துணியைச் சொல்கிறது. அது நம்ம உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பெருமை கிடக்கட்டும், விஷயத்துக்கு வருவோம்.

கைத்தறியில் கூலி சேலைக்குத்தான், நாளுக்கு இல்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் தறி நிற்கும். தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்து மறுபடி ஓட்ட வேண்டும். போகிற நிமிஷமெல்லாம் நெசவாளி கைக்காசு. ஆகவே அவர்கள் வைத்திருக்கும் உபாயமெல்லாம் இழை அறாமல் காப்பதைச் சுற்றியே இருக்கும்.

முதலாவது கஞ்சி. அரிசிக் கஞ்சியைக் கட்டி இல்லாமல் வடிகட்டி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் சேர்த்துப் பாவுக்குத் தடவுவார்கள். கஞ்சி, இழையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைப் படிய வைக்கும். எண்ணெய் இல்லாவிட்டால் காய்ந்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கும். வீட்டில் பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடும் அம்மாமாரும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். மீந்த கஞ்சியை மறுநாளைக்கு வைக்காதீர்கள், புளித்துப் பூஞ்சை பிடிக்கும். (நெசவில் பூஞ்சைக்கு மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.)

இரண்டாவது ஈரம். நனைந்தால் பருத்தி வலுவாகும்! ரேயான் இதற்கு நேர்மாறு. நம்ம திருச்சி வெயிலில் காற்று உலர்ந்தால் இழை பட்பட்டென்று அறும். தறிக்குழி மண்ணில் தண்ணீர் தெளிப்பதும், ஜன்னலில் நனைந்த சாக்கைத் தொங்கவிடுவதும் இதற்காகத்தான். மில்லில் இதையே மெஷின் வைத்துச் செய்கிறார்கள். எம்பிராய்டரி போடும் அக்காக்களே, நூல் அடிக்கடி அறுகிறதா? நூற்கண்டைக் கொஞ்ச நேரம் ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுத் தையுங்கள். ஜரிகையை மட்டும் நனைக்காதீர்கள்.

இழை பிணைக்கும்போது விரல் வியர்த்தால் நூல் வழுக்கும். அதற்குச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். ஊசி கோக்கவும் இது உதவும்.

புதுச்சேலையை உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. சாயத்தொட்டியில் சாயம் நூலில் ஏற உப்பு உதவுவது நிஜம். ஏறி முடிந்த சாயத்தை அது பூட்டி வைக்காது. முதல் இரண்டு மூன்று தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவதே போதும்.

சேலை பருத்திதானா என்று சந்தேகமா? ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையும் மெத்தென்ற சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கடினமாக மணி மாதிரி உருண்டால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. கைத்தறியா, விசைத்தறியா என்பதை இதில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு 2006-ல் வந்த கைத்தறி முத்திரையைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, நம்மால் அவர்களுக்கு ஆகக்கூடிய ஒன்று. இரும்புக் கம்பியை இழுத்து இழுத்துச் சோதிக்கிற நாம் நூலைத் தொட்டதுண்டா? நூல் நம்பர் என்பது, ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை என்பதுதான். 80-ம் நம்பரில் ஒரு பவுண்டு நூலை நீட்டினால் 61 கிலோமீட்டர். இங்கிருந்து தஞ்சாவூரைத் தாண்டிவிடும்! சோதிப்பது சுலபம். ஒரு சுற்று 1 மீட்டர் வரும் பலகையில் 109 முக்கால் சுற்று (அதாவது 120 கஜம்) சுற்றி, லேப் தராசில் நிறுத்து, 64.8-ஐ அந்தக் கிராமால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். 80-ம் நம்பர் 0.81 கிராம் இருக்கணும். ஈர நூல் கூடுதலாகக் காட்டும், ஆகையால் அறையில் நன்றாக உலரவிட்டு நிறுங்கள். 0.88 காட்டினால் அது 74-க்குக் கிட்டத்தான். நெசவாளிக்கு நூல் வருவது எடைக்கணக்கில். கிலோவுக்குப் 10 கிலோமீட்டருக்கு மேல் குறையும். பாவு முடியுமுன்னே ஊடை தீர்ந்துபோகும். தராசு நம்மிடம் இருக்கிறது, தறி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.