மீட்டர் சொன்னதும் சொல்லாததும்

பாறசாலைக்குத் தெற்கே, களியக்காவிளைக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருப்பவன் நான். 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுத்தபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆயின. எங்கள் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மோட்டார் வைண்டிங்கும் வீட்டு ஒயரிங்கும் செய்து பிழைத்தவன். என்னிடம் சென்ற ஆண்டு ஒரு புதுவகை மோட்டார் பழுதுக்கு வந்தது. அதிலிருந்து நான் கற்ற பாடத்தை, குறிப்பாக நான் செய்த தவற்றை, சங்கத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பையன் பாலிடெக்னிக்கில் படிப்பவன். பந்தயத்துக்குப் பறக்கவிடும் சிறிய டிரோன் ஒன்றைத் தானே செய்திருந்தான். 2016 மார்ச்சில் துபாயில் நடந்த உலகப் போட்டியில் பதினைந்து வயது ஆங்கிலேயச் சிறுவன் ஒருவன் இரண்டரை லட்சம் டாலர் பரிசு வென்றதை அவன்தான் எனக்குச் சொன்னான். முழு டிரோனை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதை நம் அரசு 2022 பிப்ரவரி 9 முதல் தடை செய்தது. உதிரிப் பாகங்களுக்குத் தடை இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் பாகங்களை வாங்கி வீட்டிலேயே சேர்க்கிறார்கள். சேர்ப்பவருக்குப் பழுது பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அவனுடைய டிரோன் தரையில் ஒழுங்காக ஓடும். மேலே போய் அரை நிமிடம் ஆனதும், முழு வேகம் கொடுத்துத் திருப்பினால், திடீரென்று எல்லாம் அணைந்து கல்லைப் போல விழும். எடுத்துப் பார்த்தால் மறுபடியும் உயிரோடு இருக்கும். ரிசீவரை மாற்றினான். ஒரு மோட்டாரை மாற்றினான். கம்ப்யூட்டரில் இணைத்து அமைப்புகளையெல்லாம் மாற்றினான். கையிருப்புப் பணம் தீர்ந்த பிறகுதான் என்னிடம் வந்தான்.

"மாமா, கரண்டு சமாச்சாரம் உங்களுக்குத் தெரியுமே, ஒண்ணு பாத்துத் தாங்க" என்றான்.

உள்ளே இருப்பது என்ன?

நான்கு கைகளின் முனையில் நான்கு மோட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பிகள். நம் கிணற்று மோட்டாரின் த்ரீ பேஸ் போலத்தான். ஆனால் சுழல்வது காந்தம், நிற்பது சுருள். பாட்டரியின் நேர்மின்சாரத்தை மூன்று பேஸாக மாற்றிக் கொடுப்பது வேகக் கட்டுப்பாட்டுப் பலகை. பிள்ளைகள் இதை ஈ.எஸ்.சி. என்பார்கள். அதன்மேல் உட்கார்ந்திருப்பது மூளைப் பலகை, இதற்கு எஃப்.சி. என்று பெயர். மூளைப் பலகைக்கும் ரிசீவருக்கும் வேண்டிய 5 வோல்ட்டை ஒரு சிறு ரெகுலேட்டர் பிரித்துக் கொடுக்கிறது.

பாட்டரியில் நான்கு செல்கள். முழுச் சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட் வீதம் 16.8 வோல்ட். ஓடும்போது செல்லுக்கு 3.5 வோல்ட் என்று காட்டினால் இறக்கிவிட வேண்டும். பார்ப்பதற்குச் சோப்புக்கட்டி போல இருந்தாலும், முழு வேகத்தில் இந்தப் பாட்டரி 80 ஆம்பியருக்கு மேல் கொடுக்கக்கூடியது. வீட்டு மெயின் ப்யூஸில் அவ்வளவு ஓடுவதில்லை. இந்த எண்ணை மனத்தில் வையுங்கள்; என் தவறு இதை மறந்ததில்தான் இருக்கிறது.

முறையாகப் பார்ப்பது எப்படி?

சிறுவயதில் நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால், பெரியவர்கள் தலைமதகிலிருந்து கரையோரம் நடந்தே வருவார்கள். எங்கே வரை தண்ணீர் இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்தால் உடைப்பு தெரிந்துவிடும். மின்சாரத்துக்கும் அதுவே வழி. பாட்டரியில் தொடங்கி மோட்டார் வரை நடந்து வர வேண்டும்; நடுவில் குதிக்கக் கூடாது.

1. முதலில் நான்கு சுழல் இறக்கைகளையும் கழற்றிவிடுங்கள். மேஜைமேல் திடீரென்று சுழன்றால் விரல் போகும். இதில் சமாதானமே கிடையாது.

2. பாட்டரியை இணைக்காமல் கண்ணால் பாருங்கள். நல்ல ஈயப்பற்று மினுமினுப்பாக, கம்பியோடு வழிந்து படிந்திருக்கும். கெட்டது மங்கலாக, உருண்டையாக உட்கார்ந்திருக்கும். பூவார், கொல்லங்கோடு போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் பச்சை பூத்திருக்கும், அதையும் பாருங்கள்.

3. மீட்டரைக் கூவும் நிலையில் வைத்து, பாட்டரிப் பிளக்கின் இரண்டு முனைகளையும் தொடுங்கள். மின்தேக்கி நிரம்பும்வரை ஒரு கணம் கூவி நின்றால் நல்லது. விடாமல் கூவினால் ஷார்ட். பாட்டரியை இணைக்காதீர்கள்.

4. ஷார்ட் இருந்தால், ஒவ்வொரு மோட்டார் முனைக்கும் பாட்டரி நேர்முனைக்கும் இடையே, பிறகு எதிர்முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். மொத்தம் பன்னிரண்டு முனைகள். பதினொன்று ஒரே மாதிரி காட்டி ஒன்று மட்டும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால், அந்த இடத்து டிரான்சிஸ்டர் எரிந்துவிட்டது. மோட்டாரைக் கழற்றிவிட்டு மறுபடியும் அளந்தால் பழுது மோட்டாரிலா பலகையிலா என்பது தெளிவாகும்.

5. முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது லாரி இண்டிகேட்டரில் போடும் 24 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக வையுங்கள். ஒரு முறை மின்னி அணைந்தால் சரி. நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். எரிவது பல்புதான், பலகை பிழைத்தது. சில ரூபாய்ப் பல்பு ஆயிரக்கணக்கான ரூபாயைக் காக்கும்.

6. சரியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு நேராக இணைத்து மோட்டார்களின் ஒலியைக் கேளுங்கள். முதலில் மூன்று ஒலி; அது பாட்டரி வந்ததற்கு. பிறகு இரண்டு ஒலி. அது மூளைப் பலகையின் கட்டளை வந்ததற்கு. மூன்றோடு நின்றால் இரண்டு பலகைகளுக்கும் நடுவே உள்ள கம்பியைப் பாருங்கள்.

7. ஒரு மோட்டார் மட்டும் சுழலாமல் விட்டுவிட்டுத் துடித்தால், பெரும்பாலும் மூன்று பேஸில் ஒன்று அறுந்திருக்கும். கிணற்று மோட்டாரில் ஒரு பேஸ் போனால் உறுமுமே, அதே கதை. அந்த மோட்டாரை வேறு கைக்கு மாற்றிப் பாருங்கள். பழுது மோட்டாரோடு போனால் குற்றம் மோட்டாரில்; அதே கையில் நின்றால் குற்றம் பலகையில்.

நான் தவறிய இடம்

இவ்வளவையும் நான் ஒழுங்காகச் செய்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பாட்டரிப் பிளக்கிலிருந்து பலகை வரை இரண்டு கம்பிகளிலும் மீட்டர் தெளிவாகக் கூவியது. "ஒண்ணும் இல்ல மக்களே, தைரியமா பறக்கவிடு" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மாலை அறுவடை முடிந்த மரச்சீனி விளையில் பறக்கவிட்டான். நாற்பது விநாடி இருக்கும். தென்னை உயரத்திலிருந்து அணைந்து விழுந்தது. விளையின் ஓரத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளுக்கு மூன்று முழம் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. 20 மீட்டரிலிருந்து விழும் பொருள், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தரைக்கு வரும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பையனுடைய தாயார்தான் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, நீங்க சரின்னு சொன்னதுனாலதான் அவன் விட்டான். இனி இது எங்க வீட்டுல இருக்கக் கூடாது" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிழை பையனுடையது அல்ல, என்னுடையது. அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். மீட்டர் கூவுவதற்காக அனுப்பும் மின்சாரம் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒற்றை இழை கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கூவும். ஓமில் அளந்தாலும் பயன் இல்லை. மீட்டரின் கம்பிகளுக்கே கால் ஓம், அரை ஓம் இருக்கும். எனக்கு வேண்டியதோ அதில் நூறில் ஒரு பங்கு. ஒற்றையடிப் பாலத்தில் ஓர் ஆள் நடந்துபோனதைப் பார்த்து லாரி போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சுமை வைத்துப் பார்த்தல்

மறுநாள் லாரி ஒர்க்‌ஷாப்பிலிருந்து 24 வோல்ட், 75 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று வாங்கி வந்தேன். பலகையில் பாட்டரிக் கம்பிகள் சேரும் இரண்டு இடங்களுக்கும் குறுக்கே அதை இணைத்துப் பாட்டரியைப் போட்டேன். 16 வோல்ட்டில் அந்தப் பல்பு சுமார் 2.5 ஆம்பியர் இழுக்கும். பல்பு எரியும்போதே, மீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரிப் பக்கத்துப் பிளக்கின் உலோகத்திலும் மறுமுனையைப் பலகையிலும் வைத்து அளந்தேன்.

நேர்முனைப் பக்கம் 3 மில்லிவோல்ட். எதிர்முனைப் பக்கம் 30 மில்லிவோல்ட். கம்பியை விரலால் அசைத்தபோது அது 90 வரை துள்ளியது. உடைப்பு கிடைத்துவிட்டது.

இனிக் கணக்கைப் பாருங்கள். 30 மில்லிவோல்ட்டை 2.5 ஆம்பியரால் வகுத்தால் 0.012 ஓம். அற்ப அளவு. ஆனால் 80 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு பற்றில் உண்டாகும் வெப்பம், 80-ஐ 80-ஆல் பெருக்கி 0.012-ஆல் பெருக்கினால், கிட்டத்தட்ட 77 வாட். பையன் ஈயம் வைத்த சால்டரிங் அயன் 25 வாட்தான்! சாதாரண ஈயம் 183 டிகிரியில் உருகிவிடும். மேலே பறக்கும்போது அந்தப் பற்று தானே சூடாகி இளகி, இணைப்பு விட்டுப்போகும். மூளைப் பலகை அணையும். விழுந்து குளிர்ந்ததும் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். தரையில் எல்லாம் சரியாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

பிளக்கின் மேலுறையை வெட்டிப் பார்த்தோம். தடித்த கம்பி சூட்டை உறிஞ்சிக்கொண்டதால் ஈயம் வெளிப்புறத்தில் மட்டும் தோலைப் போலப் படிந்திருந்தது. உள்ளே இழைகள் செம்பு நிறத்திலேயே இருந்தன.

சீர்செய்தது

80 வாட் அயன், அகன்ற முனை, போதிய பிளக்ஸ். பிளக்குக்கு அதன் ஜோடியைச் செருகி வைத்துக்கொண்டோம். இல்லையென்றால் பிளாஸ்டிக் இளகி முனைகள் சாய்ந்துவிடும். கம்பிக்குத் தனியாகவும் பிளக்குக்குத் தனியாகவும் ஈயம் ஊட்டி, பிறகு இரண்டையும் சேர்த்து, ஈயம் இறுகும்வரை அசைக்காமல் பிடித்தோம். பாட்டரி முனைகளில் 35 வோல்ட், 1000 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றும் சேர்த்தோம். கம்பி ஆடாதபடி சட்டத்தோடு கட்டினோம். மறுபடி அளந்தபோது இரண்டு பக்கமும் 3 மில்லிவோல்ட்.

அதன்பிறகும் உடனே உயரே விடவில்லை. ஆள் இல்லாத இடத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி இறக்கினோம். பாட்டரியைக் கழற்றிப் பற்றுகளைத் தொட்டுப் பார்த்தோம். பிறகு இரண்டு நிமிடம், பிறகு வேகம். ஒவ்வொரு முறையும் அவன் நோட்டில் எழுதினான்.

சில எச்சரிக்கைகள்

உப்பிய பாட்டரியை அன்றே விலக்குங்கள். சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருங்கள்; ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும். பல நாள் வைக்க வேண்டுமானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ வகை. பறக்கவிடுமுன் பதிவு செய்ய வேண்டும். விமான நிலையமும் தும்பா ஏவுதளமும் உள்ள மாவட்டம் நம்முடையது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

அந்தத் தாயாரிடம் நானே போய், தவறு என் பக்கம் என்று சொன்னேன். பையன் துணி எடுத்த அம்மாளின் வீட்டுக்கும் போய் வந்தான். இரண்டு வாரம் கழித்துத்தான் அவன் வீட்டில் மறுபடி அனுமதி கிடைத்தது. அதுவும் அந்த விளையில் விடுவதில்லை என்ற நிபந்தனையோடு.

மீட்டர் என்னிடம் பொய் சொல்லவில்லை. இணைப்பு இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றது. சுமை தாங்குமா என்று நான் கேட்கவே இல்லை. வீட்டு ஒயரிங்கானாலும் கிணற்று மோட்டாரானாலும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் யாருக்கும் 'சரி' என்று சொல்லாதீர்கள். இதை முன்னிட்டு ஐயம் ஏதும் இருந்தால் வாசகர்கள் சங்கத்து முகவரிக்கு எழுதலாம். தெரிந்த அளவில் தமிழிலேயே விடை எழுதக் காத்திருக்கிறேன்.