ஈறில் ரத்தமா? இதயத்தையும் கவனியுங்கள்: ஷிப்ட் தொழிலாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று எந்தத் தொழிற்பகுதியில் வேலை பார்த்தாலும், பல் வலி வந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிவிடுகிறோம். ஈறில் ரத்தம் கசிந்தால் அந்த மாத்திரைகூட இல்லை. வலிப்பதில்லை, அதனால் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதிகம் கவலை தருவது இந்த வலியில்லாத நோய்தான்.

வாய்க்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

ஈறு நோய் முற்றினால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பள்ளம் விழும். அதில் தங்கும் கிருமிகள் மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் ரத்தத்தில் கலக்கின்றன. நாள்பட்ட அழற்சி ரத்தக்குழாய்களையும் பாதிக்கக்கூடும். மாரடைப்பு வந்தவர்களுக்குப் பல் நலம் மோசமாக இருந்ததை 1989இல் பின்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் ஈறு நோய்க்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்றது. ஈறு நோய்தான் மாரடைப்பை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று போதாது என்றும் சொன்னது. புகையிலையும் சர்க்கரை நோயும் ஈறு, இதயம் இரண்டையுமே கெடுக்கின்றன என்பதில் சந்தேகமே இல்லை.

படி 1: கண்ணாடி முன் நில்லுங்கள்

ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா, துப்பும்போது ரத்தம் தெரிகிறதா, பல் ஆடுகிறதா, வாய் நாற்றம் போகவே இல்லையா என்று பாருங்கள். சிகரெட் பிடிப்பவர்கள் ரத்தம் வரவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து நோயை மறைத்துவிடும்.

படி 2: தூங்கப் போகுமுன் துலக்குங்கள்

‘இரவில் பல் துலக்குங்கள்’ என்ற அறிவுரை நைட் ஷிப்டுக்குப் பொருந்தாது. விடிய விடிய டீயும் பிஸ்கட்டும். காலையில் ரூமுக்கு வந்து டிபன் சாப்பிட்டு அப்படியே படுக்கை. பகல் முழுக்க அந்தச் சர்க்கரை பல்லில் கிடக்கிறது, தூக்கத்தில் எச்சிலும் குறைகிறது. மணி எதுவானாலும் படுக்குமுன் இரண்டு நிமிடம் துலக்குங்கள். மென்மையான பிரஷ்ஷை ஈறின் விளிம்பில் சாய்த்து வைத்து மெதுவாகத் தேய்த்தால் போதும். ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தாதீர்கள்.

படி 3: ஹான்ஸ் புகையிலையை விடுங்கள்

தூக்கத்தை விரட்டத்தான் பலர் அதை உதட்டுக்குள் வைக்கிறார்கள். வைத்த இடத்தில் ஈறு கீழிறங்கும், வாய்ப் புற்றுநோய் வரக்கூடும், இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும்.

படி 4: ஈ.எஸ்.ஐ. அட்டையைப் பயன்படுத்துங்கள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் நீங்கள் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குள் வருகிறீர்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். சிகிச்சை குடும்பத்துக்கும் உண்டு. டிஸ்பென்சரியில் சொல்லிப் பல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். பல்லில் கல்லாக இறுகிய காரை பிரஷ்ஷுக்கு வராது. அவர்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் பல் ஆடும் என்பது தவறான பயம். காரை ஈறைக் கெடுத்ததால்தான் பல் ஆடுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

படி 5: பல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

செயற்கை வால்வு வைத்தவர்கள், இதய உள்ளுறை அழற்சி முன்பு வந்தவர்கள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் இதை முதலில் சொல்ல வேண்டும். வாய்க்கிருமி நேராக வால்வில் தொற்றும் ஆபத்து இவர்களுக்கு உண்டு. சிலருக்குப் பல் பிடுங்குமுன் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்கு ஈறு தடிக்கும், அதையும் சொல்லுங்கள்.

பல்வலியா, மாரடைப்பா?

மாரடைப்பின் வலி சிலருக்குக் கீழ்த்தாடையில் தெரியும். நடந்தால் கூடி, உட்கார்ந்தால் குறையும் தாடை வலி பல்லால் வருவதாக இருக்காது. உடனே இதயப் பரிசோதனை செய்யுங்கள். தாடை வலியுடன் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்தால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் சூப்பர்வைசரிடம் சொல்லி 108ஐ அழைக்கச் செய்யுங்கள். தனியாக பைக்கில் கிளம்ப வேண்டாம்.